குலுக்கலில் போன துப்பாக்கி

1988 நவம்பர் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. ஓட்டர் க்ரீக் துப்பாக்கிச் சங்கக் கட்டடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கம், மூஸ் மானின் தலை மாட்டிய சுவருக்குக் கீழே, தலைவர் ரெய்னோ லாஹ்தி. அவருக்கு இடது கைப்பக்கம், காபிப் பாத்திரம் எட்டுகிற தூரத்தில், பொருளாளர் ஈடா கூசிஸ்தோ. விறகடுப்பை ஒட்டி, வலிக்கிற இடுப்பைச் சூட்டுக்குக் காட்டிக்கொண்டு முக்காலியில், துப்பாக்கி ரிப்பேர் செய்யும் ஜேம்ஸ் ட்ரெவாரோ. ஜன்னலோரக் கடைசி நாற்காலியில், மடியில் நோட்டோடு, செயலாளர் சூலோ ஹக்காலா.

இந்த வரிசையிலேயே சூலோ நோட்டில் எழுதியும் விட்டார். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் இப்படித்தான். யார் எங்கே உட்கார்ந்தார், யார் என்ன சொன்னார், யார் ஆமோதித்தார் என்று ஒன்று விடாமல் எழுதுவார். அதில் அவர் சொன்னதாக ஒரு வரி தேடினாலும் கிடைக்காது. எழுதுகிறவனுக்குப் பேச்செதற்கு என்று இருந்துவிட்டார்.

மறுநாள் பதினைந்து. மான் வேட்டை தொடங்கும் நாள். அமெரிக்காவின் மிச்சிகன் மேல்முனையில் அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. பள்ளிக்கூடம் முந்தின நாளே மூடிவிடும், கல்யாணத்தைக்கூடத் தள்ளிப் போடுவார்கள். பாதி ஊர் அப்போதே காட்டுக்குள் இருந்த வேட்டைக் குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வேட்டையில் விழுந்த மானைத் தொங்கவிடும் கம்பத்தை நடுவது, சனிக்கிழமை நடந்த குலுக்கலின் குப்பையைக் கூட்டுவது, இந்த இரண்டுதான் அன்றைக்கு வேலை.

"அரை மணில முடிச்சிடலாம். எனக்குக் கடை இருக்கு" என்றார் ரெய்னோ. ஊரில் இரும்புச் சாமான் கடை அவருடையது. ஆணியிலிருந்து தோட்டா வரை அங்கேதான். சூலோவின் மனைவி எல்மாவுக்கு அண்ணன் வேறு.

ட்ரெவாரோ மூன்று வாரம் இடுப்புக்காக க்ரீன் பே ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முந்தின நாள் சாயங்காலம்தான் திரும்பியிருந்தார். குலுக்கல் எப்படி நடந்தது என்று அவருக்குத் தெரியாது. கால்மாட்டில் ஒரு வாளி இருந்தது. வாளி நிறைய, சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள். சும்மா இருக்கமாட்டாத கை. ஒரு கூட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுத்தபோது மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஈடா, இது எந்தத் துப்பாக்கில சுட்டது?"

"குலுக்கல் துப்பாக்கில. வாளி முழுக்க அதேதான்."

"வாளி முழுக்கவா?"

"ஆமா, உங்களுக்குத் தெரியாதில்ல! ஒரு டிக்கெட் வாங்கினா, பரிசுத் துப்பாக்கியாலயே குறிபலகைல ஒரு தடவை சுடலாம். ரெய்னோவோட யோசனை. ஜனம் வரிசை கட்டி நின்னுது பாருங்க. பாதிரியார்கூட ரெண்டு டிக்கெட் வாங்கினார்."

"எத்தனை பேர் சுட்டாங்க?"

"இருநூத்திப் பதினாலு தடவை" என்றார் சூலோ, நோட்டைப் பார்க்காமலே.

"எந்தத் தோட்டா?"

ரெய்னோ நாற்காலியில் சாய்ந்தார். "என் கடைல இருந்து எடுத்ததுதான். முன்னூத்தெட்டு அளவு. பெட்டி பெட்டியா சங்கத்துக்குன்னு சும்மாவே குடுத்தேன், நோட்ல இருக்கும். ஏன்யா, குழல்லயே முன்னூத்தெட்டுன்னு பொறிச்சிருக்கே?"

ட்ரெவாரோ மேசை மேலிருந்த காகிதங்களிலிருந்து ஒரு கிளிப்பை உருவி நிமிர்த்தி, நுனியை மட்டும் நகம் போல வளைத்தார். அதைக் கூட்டின் வாய்க்குள் விட்டு, உள்சுவரை அடியிலிருந்து மேலாக மெல்ல இழுத்தார். பாதியில் கம்பி தடுக்கி நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது.

"இங்க வாங்க. சூலோ, நீ இழுத்துப் பாரு."

சூலோ இழுத்தார். வழுக்கிக்கொண்டு வரவேண்டிய உள்சுவரில், அடியிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில், வட்டமாக ஒரு பள்ளம். வெளியே அதே இடத்தில் மோதிரம் போட்டது மாதிரி ஒரு பளபளப்பு.

"கூடு அங்க கிழிஞ்சுக்கிட்டு வருது" என்றார் ட்ரெவாரோ. "குழலைப் பின்னால அடைச்சுப் பிடிக்கற போல்ட் நகர்ந்தா கூடும் கூட இழுபடும். அந்தத் துப்பாக்கி எழுபது வருஷக் கிழம்யா. ஸ்பெயின் ராணுவம் வேற தோட்டாவுக்குச் செஞ்சது, அது இதைவிடச் சாது. அப்புறம் குழலை மாத்திப் புதுத் தோட்டா போடற மாதிரி பண்ணினாங்க. குழல்தான் புதுசு. பின்னால அடியைத் தாங்கற இரும்பு அதே பழசு. தோட்டா உள்ள போய் உக்காருது, சரி. உக்காந்துட்டா பொறுத்துக்கும்னு அர்த்தமா?"

"இருநூத்திப் பதினாலு தடவை தாங்குச்சே!" என்றார் ரெய்னோ.

"தாங்கலைன்னுதான்யா சொல்றேன். ஒவ்வொரு வெடிக்கும் மயிரிழை மயிரிழையா பின்னால போயிருக்கு. கடைசில போல்ட்டைத் தூக்கக் கஷ்டமா இருந்துதா?"

ஈடா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "கடைசில வந்தவங்க உள்ளங்கையால அடிச்சு அடிச்சுத் திறந்தாங்க. குளிர்னு சொல்லிச் சிரிச்சோம்."

ட்ரெவாரோ நேராகச் சூலோவைப் பார்த்தார். "நான் ஒரு சீட்டு கட்டியிருந்தேனே? ஆகஸ்ட்ல சுட்டுப் பாத்துட்டு, விசை பக்கத்துல கம்பி போட்டுக் கட்டினேன். 'வெடிமருந்து குறைச்ச தோட்டா மட்டும். கடைத் தோட்டா கூடாது'ன்னு பெரிய எழுத்துல எழுதினேன். அது எங்க?"

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

சீட்டு எங்கே என்று சூலோவுக்குத் தெரியும். அலமாரியின் மூன்றாவது இழுப்பறையில், 'குலுக்கல்' என்று பெயரிட்ட உறையில், மடிப்புக் கலையாமல் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கியை வைத்த அன்று ரெய்னோ, "மாப்ளே, இந்த அழுக்குச் சீட்டு தொங்கினா எவன் டிக்கெட் வாங்குவான்? எடுத்து வை. ஜெயிச்சவனுக்குக் கடிதம் எழுதறப்போ உள்ள வச்சு அனுப்பிடு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. சூலோ இடுக்கியால் கம்பியை வெட்டினார். டிக்கெட்டுக்கு ஒரு தடவை சுடலாம் என்று அப்புறம் தீர்மானமானபோது ட்ரெவாரோ ஊரில் இல்லை. சூலோ இருந்தார். தீர்மானத்தை எழுதினார், வாயைத் திறக்கவில்லை. ஜெயித்தவருக்கான கடிதம் வேட்டைக்கால நெரிசலில் புதன்கிழமைக்குத் தள்ளிப் போயிருந்தது.

"நான்தான் அவுத்தேன்" என்றார் சூலோ.

ரெய்னோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 'நான் சொல்லித்தான்' என்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

"துப்பாக்கி இப்ப யார்ட்ட?" என்றார் ட்ரெவாரோ.

"லெம்பி ஆல்தோ" என்றாள் ஈடா. "பள்ளிக்கூட பஸ் ஓட்டறாளே, அவ. கூடவே ரெண்டு பெட்டி தோட்டாவும் குடுத்து அனுப்பினோம்."

*

சூலோ லெம்பியின் வீட்டுக்குப் போன் போட்டார். எடுக்க ஆளில்லை. பக்கத்து வீட்டுக்குப் போட்டார். ஏழு மணிக்கே ஜீப்பை எடுத்துக்கொண்டு அண்ணன் ஒன்னியின் குடிசைக்குப் போய்விட்டாள் என்றார்கள். குடிசை பெர்ச் ஏரிக்கு அந்தப் பக்கம். தார் ரோடு முடிந்த பிறகு பன்னிரண்டு மைல் வண்டித் தடம். போன் கிடையாது.

"போகாதே மாப்ளே" என்றார் ரெய்னோ, கதவுவரை வந்து. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவன் ஆஸ்பத்திரில படுத்துப் படுத்து எதையாவது நினைச்சுக்கறான். நீ போய் ஊரைக் கூட்டினா சங்கத்து மானம் என்ன ஆகும்? அதே பெட்டில வந்த மத்தத் துப்பாக்கிகளை நானும் கடைல வித்திருக்கேன். ஒரு புகார் இல்ல."

"போயிட்டு வந்துடறேன்" என்றார் சூலோ.

ஈடா ஓடிவந்து செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பாஸ்டியைக் கார் ஜன்னல் வழியாகத் திணித்தாள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுட்ட, உள்ளங்கை அகலப் பொட்டலங்கள். ட்ரெவாரோ முனகியபடி முன் சீட்டில் ஏறி, காலை நீட்ட இடமில்லாமல் குறுக்காக உட்கார்ந்தார்.

பத்தரை மணிக்கு ஊர் எல்லையைத் தாண்டினார்கள். எதிரிலும் பின்னாலும் ஆரஞ்சுத் தொப்பிகள், கூரையில் கட்டிய படுக்கைகள், விறகு ஏற்றிய டிரெய்லர்கள். தெரிந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சூலோ கையைக்கூடத் தூக்கவில்லை. ஜல்லிக் குழி ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் நின்று குறி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அவர் கால் ஆக்ஸிலேட்டரில் தானாக அழுந்தியது.

"மெதுவா ஓட்டுய்யா. எனக்கு ஒரு இடுப்புதான் மிச்சம்" என்றார் ட்ரெவாரோ. பாஸ்டியைப் பிரித்தார். ஒரு கடி கடித்தவர் முகம் சுளித்தார். "கேரட்டு! ஃபின்லாந்துக்காரங்க கைல குடுத்தா இதான். இங்கிலாந்துல, எங்க கார்ன்வால்ல இதைப் பாஸ்டின்னு சொன்னா கல்லால அடிப்பாங்க."

"பிடிக்கலைன்னா வைங்க."

"யார் வைக்கறேன்னா? உன்னோடதையும் குடு, நீ எப்படியும் திங்கப் போறதில்ல."

சூலோ கொடுத்துவிட்டார். ஏழு மணிக்குக் கிளம்பியவள் எட்டரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். காபி குடித்திருப்பாள். சாமான் இறக்கியிருப்பாள். பத்து மணிக்குமேல் குறி பார்க்கத் தொடங்கியிருப்பாள். ஒரு வெடிக்கு ஐந்து நிமிஷம் என்றால்... கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை.

"கூடு கிழிஞ்சா என்ன ஆகும்?"

"கேக்காதே."

"சொல்லுங்க."

ட்ரெவாரோ மென்றதை விழுங்கினார். "முன்னால போகவேண்டிய நெருப்பு பின்னால வரும். போல்ட் வழியா, நேரா முகத்துக்கு. கொஞ்சமா வந்தா கன்னத்துல சூடு. நிறைய வந்தா கண்ணு. போல்ட்டுக்கு ரெண்டு காது இருக்கு, அதுதான் அதைப் பூட்டிப் பிடிச்சிருக்கு. அது உடைஞ்சா..." பாஸ்டியை மடியில் வைத்தார். "கண்ணாடி போடுவாளா அவ?"

"படிக்கறப்ப மட்டும்."

தார் ரோடு முடிந்தது. முந்தின வாரப் பனி உருகிச் சேறாகியிருந்தது. ஒன்பது மைல் சமாளித்த கார் பத்தாவது மைலில், ஒரு ஓடைச் சரிவில், பின்சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. சூலோ இறங்கி, கிளைகளை ஒடித்துச் சக்கரத்தடியில் போட்டு, ஏறி, உறுமவிட்டுப் பார்த்தார். இன்னும் ஆழமாகப் புதைந்தது.

அப்போது முன்னால், மரங்களுக்கு அப்பால், ஒரு வெடி. தனி வெடி. ஜல்லிக் குழியின் சரமாரி இல்லை.

"அவதான்" என்றார் ட்ரெவாரோ. "ஓடு."

அறுபத்தோரு வயதில், ரப்பர் பூட்ஸில், சேற்றில் ஓடுவது எப்படி இருக்கும் என்று சூலோ அதுவரை யோசித்ததில்லை. நூறு அடி ஓடுவார், நூறு அடி நடப்பார். இரண்டாவது வெடி கேட்டபோது மரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "லெம்பி! நிறுத்து!" என்று கத்தினார். குரல் காற்றிலேயே கரைந்தது. நெடுநேரம் கழித்து மூன்றாவது. இந்த முறை சத்தமே வேறு மாதிரி இருந்தது; பாதி அமுங்கி, ஓரத்தில் கிழிந்த மாதிரி. அதன் பிறகு வெடியில்லை. வேறொரு சத்தம்: டொக். டொக். டொக். கட்டையால் இரும்பை அடிக்கிற சத்தம்.

மேட்டைத் தாண்டியதும் குடிசை தெரிந்தது. முற்றத்தில் ஒரு மேசை. லெம்பி ஆல்தோ, நாற்பத்தாறு வயது, முட்டி வரை பூட்ஸ், தலையில் ஆரஞ்சுத் தொப்பி, துப்பாக்கியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அடுப்பு விறகு ஒன்றால் போல்ட்டின் கைப்பிடியை மேல்நோக்கி அடித்துக்கொண்டிருந்தாள். குடிசைப் படியில் அண்ணன் ஒன்னி காபிக் கோப்பையோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சூலோ, மான் துரத்துதா?" என்றாள் லெம்பி. அவள் வலது கன்னத்தில் கண்ணுக்குச் சற்றுக் கீழே கரி அப்பியிருந்தது.

"அடிக்காதே! கீழ வை. வச்சுட்டுத் தள்ளி நில்லு."

"நல்ல தோட்டா இல்ல இது. சுட்டதும் கன்னத்துல சூடா ஏதோ ஊதிச்சு. மாட்டிக்கிச்சு வேற. இதோ வந்துடும், இருங்க..." இன்னொரு அடி அடித்தாள். கைப்பிடி எழும்பியது. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தாள். வெளியே வந்து விழுந்தது கூட்டின் அடிப்பாகம் மட்டும், ஒரு விரல்கடை உயரத்துக்கு. மீதிக் கூடு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

சூலோ குனிந்து அதை எடுத்தார். விளிம்பு காகிதத்தைக் கிழித்தது போல இருந்தது. காலையில் வாளியிலிருந்த கூட்டில் கம்பி எங்கே தடுக்கியதோ, சரியாக அந்த உயரத்தில். அவர் அப்படியே மேசை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியா?" என்றான் ஒன்னி. "துப்பாக்கிக்குக்கூடத் தெரியுது உனக்கு இது ஒத்துவராதுன்னு. போய் சூப்பைக் கிளறு, அடிப்பிடிக்கப் போகுது."

"நீ போய்க் கிளறு! பதினெட்டு வருஷம் நான் கிளறியாச்சு. சொந்தத் துப்பாக்கி இல்லன்னு சொல்லிச் சொல்லியே உள்ள உக்கார வச்சீங்க. இப்ப இருக்கு. கிழக்கு மேட்டுல மானுக்குக் காத்திருக்கற இடம் என்னோடது, எழுதிக் குடுத்திருக்கே நீ."

"அதைச் சுட முடியாது லெம்பி" என்றார் சூலோ. "இனிமே ஒரு தடவைகூட."

*

ஒன்னி ஜீப்பில் போய் ட்ரெவாரோவை ஏற்றிக்கொண்டு வந்தான். சூலோவின் காரை அசைக்கக்கூட முடியவில்லை என்றான். ட்ரெவாரோ துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றி, முன்னாலிருந்த இரண்டு காதுகளையும் மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்தார். பிறகு லெம்பியின் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் கன்னத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு அங்குலம் மேல வந்திருந்தா நாளைக்கு உன்னை ஒத்தைக் கண்ணின்னு கூப்பிடுவாங்க. இது சாதாரணமா எச்சரிக்கை குடுக்காது. உனக்குக் குடுத்திருக்கு."

"சரி, ரிப்பேர் பண்ணுங்க."

"இதை ரிப்பேர் பண்றதுக்குப் பதிலா குழி வெட்டிப் புதைக்கலாம்."

அவள் முகம் மாறியது. ஒன்னி மறுபடி கேலி பேச வாயெடுப்பதைச் சூலோ பார்த்தார்.

"என் துப்பாக்கி கார்ல இருக்கு" என்றார் அவசரமாக. "இந்த சீசன் முழுக்க நீ வச்சுக்கோ. கிழக்கு மேட்டுக்கு அது போதும்."

"எதுக்கு? பரிதாபமா?"

"இல்ல" என்றார் சூலோ. "இதுல ஒரு சீட்டு கட்டியிருந்துது. கடைத் தோட்டா போடாதேன்னு இவர் எழுதினது. நான் அவுத்துட்டேன்."

லெம்பி அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களா? ஒரு வாளி காணாமப் போனாக்கூட மூணு கடிதம் எழுதற ஆளு நீங்க! என் பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு பள்ளிக்கூடத்துக்கு எழுதினீங்களே, ஞாபகம் இருக்கா? என் கண்ணுக்கு ஒரு வரி எழுதத் தோணலையா?"

சூலோ கையிலிருந்த கூட்டுத் துண்டை மேசை மேல் வைத்தார்.

"இந்த மாதிரித் துப்பாக்கி இன்னும் எத்தனை பேர்ட்ட இருக்கு?" என்றாள் அவள், ட்ரெவாரோவிடம் திரும்பி.

"ரெய்னோ வாங்கின பெட்டில பன்னெண்டு வந்துது. ஒண்ணு இது. எங்கிட்டச் சோதிக்கக் குடுத்தது இதை மட்டும்தான்."

"மிச்சம் பதினொண்ணா?"

ஒன்னியின் கையிலிருந்த கோப்பை நின்றது. "டாய்ஸ்தோகிட்ட ஒண்ணு இருக்கு. ஏரிக்கு அந்தக் கரைல. நேத்துதான் காமிச்சான், முன்னூத்தெட்டு ரெண்டு பெட்டி வாங்கியிருக்கேன்னு." அவன் எழுந்துவிட்டான். "மத்தது யார்ட்டன்னு தெரியாதே."

ரெய்னோவின் கடைக் கணக்கில் பெயர்கள் இருக்கும். ஆனால் இப்போது அந்தப் பெயர்களெல்லாம் நாலு மாவட்டக் காட்டுக்குள், போனில்லாத குடிசைகளில், ஆளுக்கொரு ஏரிக்கரையில். விடிந்தால் வேட்டை. சூலோ எழுந்து முற்றத்தில் நடந்தார், திரும்பினார், நடந்தார். உள்ளே குடிசையின் ரேடியோ பழைய போல்கா நடனப் பாட்டு ஒன்றை இரைச்சலோடு பாடிக்கொண்டிருந்தது. நின்றார்.

"அஞ்சு மணிக்குச் சேதி படிப்பாங்க" என்றார்.

வேட்டைக்கால வழக்கம் அது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் ரேடியோவில் குடிசைகளுக்குச் சேதி படிப்பார்கள்: இன்னாருக்குப் பேத்தி பிறந்தாள், இன்னார் மருந்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறார், இன்னார் வீட்டு மாடு ஈன்றுவிட்டது. சூப் கொதித்தாலும் சண்டை நடந்தாலும் அந்தக் கால் மணி நேரம் எல்லாக் குடிசையும் காது கொடுக்கும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு குறும்பன், வரி அதிகாரி குடிசை குடிசையாக வருகிறார் என்று போனில் சொல்லிப் படிக்க வைத்ததில் பாதிப்பேர் காட்டை விட்டு ஓடினார்கள். அதிலிருந்து கையெழுத்துப் போட்ட காகிதம் நாலு மணிக்குள் கையில் வந்தால்தான் படிப்பார்கள். சங்கத்துச் சேதிகளை எழுதி அனுப்புகிறவர் சூலோதான். விதி அவருக்கு நன்றாகத் தெரியும்.

மணி ஒன்றே முக்கால். ஒன்னி சமையல் மேசையைத் துடைத்துக் கொடுத்தான். சூலோ நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவை உதறி, எழுதினார். கை பழக்கத்தில் தானாக ஓடியது. லெம்பி தோளுக்குப் பின்னால் நின்று உரக்கப் படித்தாள்.

"'சங்கத்தின் கவனத்துக்கு வந்திருப்பது என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட வகைத் துப்பாக்கியில் இருந்த எச்சரிக்கைச் சீட்டு தவறுதலாக அகற்றப்பட்டு...' யார் அகற்றினது? சீட்டுக்குக் கால் முளைச்சுதா? அப்புறம், அது என்ன ஒரு குறிப்பிட்ட வகை? டாய்ஸ்தோ இதைக் கேட்டா தன் துப்பாக்கியைச் சொல்றாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார் ட்ரெவாரோ. "ரெய்னோ கடைன்னு சொன்னாதான் தெரியும்."

சூலோ பேனாவை வைத்தார். ரெய்னோ கடை என்று எழுதினால், நாலு மாவட்டமும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் எல்மாவுக்கும் அவள் அண்ணனுக்கும் நடுவே இவர் எப்படி உட்காருவார்? அடுத்த கூட்டத்தில் செயலாளர் நாற்காலி இருக்குமா? யோசித்துக்கொண்டிருக்கையில் ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. நாலு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"டாய்ஸ்தோவா இருக்கலாம்" என்றான் ஒன்னி. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். "நான் படகுல போறேன். ஒரு ஆள்கிட்டயாவது நேர்ல சொல்லலாம்." கதவு அறைந்து மூடியது.

சூலோ முதல் தாளைக் கசக்கி அடுப்பில் போட்டார். இரண்டாவது தாளில் நிறுத்தாமல் எழுதினார்.

'காட்டிலுள்ள எல்லாக் குடிசைகளுக்கும். இந்தக் கோடையில் ஓட்டர் க்ரீக் லாஹ்தி கடையில், குழல் மாற்றிய பழைய ஸ்பெயின் ராணுவத் துப்பாக்கி வாங்கியவர்கள் அதை இனி சுடவே வேண்டாம். குழலில் முன்னூற்றெட்டு என்று பொறித்திருக்கும், தோட்டாவும் பொருந்தும். ஆனால் அந்தப் பழைய இரும்பு கடைத் தோட்டாவைத் தாங்காது. இன்று ஒரு துப்பாக்கியில் கூடு இரண்டாகக் கிழிந்து சுட்டவர் முகத்தில் நெருப்பு வந்தது. சுட்ட கூட்டில் அடிப்பக்கம் பளபளப்பாக வளையம் தெரிந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது. வளையம் இல்லையென்றாலும் நம்ப வேண்டாம். போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். ட்ரெவாரோ எல்லாவற்றையும் பார்த்துக் கொடுப்பார். இந்த எச்சரிக்கை ஆகஸ்டிலேயே அவர் எழுதிக் கட்டியது. அதை அவிழ்த்து மறைத்தவன் நான். சூலோ ஹக்காலா, செயலாளர்.'

லெம்பி இந்த முறை மனசுக்குள் படித்தாள். 'மறைத்தவன்' என்ற இடத்தில் ஒரு கணம் நின்றாள். "ம்" என்றாள்.

ட்ரெவாரோ வாங்கிப் பார்த்தார். "'பார்த்துக் கொடுப்பார்'னு எழுதியிருக்கே, என்னைக் கேட்டியா?"

"மாட்டீங்களா?"

"பாக்கறேன், பாக்கறேன். இடுப்போட."

உறைக்குச் சூலோவின் கோட்டுப் பையில் குலுக்கல் டிக்கெட் போட்டு வந்த பழைய உறை ஒன்று இருந்தது. பசை காய்ந்து போயிருந்தது. நக்கிப் பார்த்தார், ஒட்டவில்லை.

"ஒட்டாட்டி என்ன? மடிச்சுக் குடுங்க" என்றார் ட்ரெவாரோ.

"ஒட்டித்தான் ஆகணும்" என்றாள் லெம்பி. "பெட்ரோல் போட ரெய்னோ கடை வாசல்லதான் நிக்கணும். என்ன அதுன்னு கேப்பான். காபி குடுப்பான். நானும் மனுஷிதான், குளிர்ல காபி குடுத்தா அவன் காகிதத்துல என்ன மாத்தினான்னுகூடக் கவனிக்க மாட்டேன்."

அவள் சூப் பாத்திரத்திலிருந்து வெந்த உருளைக்கிழங்கு ஒன்றைக் கரண்டியால் எடுத்து, சூடு பொறுக்காமல் ஊதி, இரண்டாகப் பிளந்து நீட்டினாள். சூலோ அதை உறையின் மடிப்பில் தேய்த்தார். மடித்து, உள்ளங்கையால் அழுத்தி, அறுபது வரை எண்ணினார். பிரித்துப் பார்க்க நகத்தால் நெம்பினார்; வரவில்லை. முகவரியை எழுதினார்: நிலையப் பொறுப்பாளருக்கு, ஐந்து மணிச் சேதி, நாலு மணிக்குள்.

மணி இரண்டு பத்து. லெம்பி உறையைச் சட்டைக்குள் வைத்துக் கோட்டுப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டாள். ஜீப்பில் ஏறினாள். கன்னத்துக் கரியை அதுவரை துடைக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தாள், அப்படியே விட்டுவிட்டாள்.

"உங்க துப்பாக்கியைக் கார்ல இருந்து எடுத்துட்டு வந்து வையுங்க" என்றாள். "தோட்டா எது போடணும்னு ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்க. அவுக்காதீங்க."

"ஓடைப் பக்கம் இடது ஓரமா போ. நடுவுல சேறு."

"பஸ் ஓட்டறவளுக்கு வழி சொல்றீங்க."

ஜீப் சேற்றை வாரியடித்துக்கொண்டு மேட்டில் ஏறியது. மரங்களுக்குள் மறையும்வரை சூலோ பார்த்துக்கொண்டு நின்றார். மறைந்த பிறகும் இன்ஜின் சத்தம் கேட்டது. தெற்கே எங்கோ இரண்டு வெடிகள் அடுத்தடுத்துக் கேட்டன. அது எந்தத் துப்பாக்கி என்று யாருக்குத் தெரியும்? ஜீப்பின் சத்தம் ஓடைப் பக்கம் ஒருமுறை தேய்ந்து, உறுமி, மறுபடி எழுந்து, நிற்காமல் ஊர்ப் பக்கம் போயிற்று.